றெக்கை ஏன் முறுக்கிச்சு? உப்புக்காத்து மேல போட்ட பழி

இந்த எபிசோட் ஒரு கதவுல இருந்து ஆரம்பிக்குது.

ராயபுரத்துல எங்க பழைய வீட்டு மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு தேக்குக் கதவு சும்மா சாத்தி வெச்சிருப்பாங்க. எங்க தாத்தா செஞ்ச கதவு. அவர் தச்சு வேலை பார்த்தவர். பின்கட்டுல பல வருஷம் இருந்த கதவு அது. ஒரு கட்டத்துல ஒழுங்கா சாத்த வரலைன்னு கழட்டி மாடியில போட்டுட்டாங்க. தாத்தா செஞ்சதுங்கிறதால விறகுக்குப் போடவும் யாருக்கும் மனசு வரல.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல்ல என்.சி.சி. ஏர் விங்ல இருந்தேன். பரேடு, ரைஃபிள் எல்லாம் தாண்டி அதுல ஒரு விஷயம்தான் எனக்குப் பைத்தியம்: ஏரோமாடலிங். பால்சா மரத்துல குட்டி விமானம் செய்யறது. நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு கிளைடர் செஞ்சோம். எஞ்சின் கிடையாது, நூல் கட்டி காத்தாடி மாதிரி இழுத்து மேல ஏத்தி விடணும். றெக்கை நாலு அடி. அவ்வளவு நீளத்துக்குச் சமமான மேசை எங்க ரெண்டு பேர் வீட்லயும் இல்ல. அப்போதான் கதவு ஞாபகம் வந்துச்சு. படுக்கப் போட்டோம். ஒரு மூலை டொக் டொக்னு ஆடுச்சு. உடைஞ்ச ஓட்டுத் துண்டு ஒன்னை முட்டுக் கொடுத்தேன். ஆட்டம் நின்னுச்சு. பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

ஒரு வாரத்துல றெக்கை ரெடி. எங்க வீட்ல இடம் இல்லைன்னு, காசிமேட்டுப் பக்கம் இருந்த நண்பன் வீட்ல ரெண்டு நாள் வெச்சிருந்தோம். கடல்ல இருந்து கூப்பிடு தூரம். மூணாம் நாள் காலைல கிரவுண்டுல பறக்க விட்டோம். நூல்ல இருந்து கழண்டதும் இடது பக்கம் சாஞ்சுது. சாய்வு கூடிக்கிட்டே போச்சு. அப்படியே சுருள் சுருளா இறங்கி மூக்கு தரையில குத்தி உடைஞ்சுது. றெக்கையை எடுத்துப் பின்னாடி இருந்து பார்த்தா, நல்லா முறுக்கி இருந்துச்சு.

எல்லார் முன்னாடியும் நான் அவன்கிட்ட கத்தினேன். "உன் வீட்டு உப்புக்காத்துலதான்டா போச்சு. ஜன்னல் பக்கத்துல வெச்சியா?" அவன் ஒன்னும் சொல்லல. அடுத்த வாரத்துல இருந்து ஏரோமாடலிங் பக்கமே வரல. பேச்சும் மெல்ல மெல்ல நின்னு போச்சு.

இதை இப்போ ஏன் சொல்றேன்னு கடைசியில புரியும். அதுக்கு முன்னாடி நூத்தி இருபத்தஞ்சு வருஷக் கதை ஒன்னு இருக்கு.

ஒரு அட்டைப்பெட்டி

1878-ல அமெரிக்காவுல ஒரு அப்பா தன் ரெண்டு பசங்களுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தார். ரப்பர் பேண்டை முறுக்கி விட்டா மேல எழும்பிப் பறக்கிற பொம்மை. அல்ஃபோன்ஸ் பெனோங்கிற பிரெஞ்சுக்காரரோட வடிவமைப்பு. அந்தப் பசங்க பேரு வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

வளர்ந்த பிறகு சைக்கிள் கடை நடத்தினாங்க. விமானம் செய்யணும்னு இறங்கினப்போ அவங்களைக் குடைஞ்ச கேள்வி, எப்படி மேல எழும்பறதுங்கிறது இல்ல. மேல போனதுக்கு அப்புறம் காத்து அடிச்சு ஒரு பக்கம் சாஞ்சா, எப்படி நிமித்தறது? இதுதான் கேள்வி.

1899-ல வில்பர் கடையில நின்னு ஒரு வாடிக்கையாளர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தார். கையில சைக்கிள் டியூப் வந்த நீளமான காலி அட்டைப்பெட்டி. பேச்சு சுவாரசியத்துல அதோட ரெண்டு முனையையும் எதிர் எதிர் திசையில முறுக்கிக்கிட்டே இருந்தார். சட்டுனு கவனிச்சார்: மேல் தட்டும் கீழ் தட்டும் சேர்ந்து முறுக்குது, ஆனா பெட்டி உடையல. ரெண்டு அடுக்கு றெக்கையையும் இப்படி முறுக்கினா?

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு தீப்பெட்டியோட உள்பெட்டியை எடுத்துட்டு, வெளிக்கூட்டை மட்டும் கையில பிடிங்க. ஒரு முனையில எதிரெதிர் மூலைகளை அழுத்துங்க. மறுமுனையில மத்த ரெண்டு மூலைகளை அழுத்துங்க. கூடு முறுக்கும். திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுல கூடுதல் உரிமை உண்டு. நாம மெட்ரோவுல கடந்து போற விம்கோ நகர், ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட பேர்தானே.

முறுக்கினா என்ன ஆகும்? ஒரு பக்க றெக்கை நுனியில பின்விளிம்பு கீழ இறங்குது, அங்க தூக்கும் விசை கூடுது. இன்னொரு பக்கம் பின்விளிம்பு மேல போகுது, விசை குறையுது. விசை குறைஞ்ச பக்கமா விமானம் சாயும். கயிறு கட்டி, ஓட்டுறவர் இடுப்பை அசைச்சா றெக்கை முறுக்கற மாதிரி செஞ்சாங்க. 1903 டிசம்பர் 17-ல பறந்த விமானத்துல இருந்தது இந்த ஏற்பாடுதான். முதல் முறை 12 வினாடி, 120 அடி.

1909 ஜூலை 25-ல ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின பிளேரியோவோட விமானமும் றெக்கையை முறுக்கித்தான் திரும்புச்சு. அந்தச் செய்தி மெட்ராஸுக்கும் வந்துச்சு. மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்திக்கிட்டு இருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் அதுல உற்சாகமாகி, குதிரை வண்டிப் பெட்டிகள் செஞ்சு பேர் வாங்கின சிம்ப்சன் கம்பெனிகிட்ட ஒரு விமானம் செய்யச் சொன்னார். 1910-ல பல்லாவரத்துல அது பறந்துச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரி 18-ல அலகாபாத்ல நடந்த உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலுக்கும் முன்னாடி. இதுல எனக்குப் பிடிச்சது அந்த வண்டிப்பட்டறைதான். இந்த ஊர்ல முதல் விமானம் செஞ்சது தச்சுக் கை.

இன்னொரு பக்கம், வளைஞ்சு கொடுக்கறது நம்ம கடற்கரைக்குப் புதுசு இல்ல. துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி, கப்பல்ல இருந்து சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலா படகுதான். பலகைகளை ஆணி அடிக்காம தென்னங்கயிறால தைச்ச படகு. விறைப்பா செஞ்ச படகு மெட்ராஸ் அலையில அடி வாங்கி உடையும். இது அலையோட வளைஞ்சு கரைக்கு வரும். வளைவு, முறுக்கு எல்லாமே கோளாறு கிடையாது. நாம தெரிஞ்சே வெச்ச முறுக்கு ஒரு கருவி. தெரியாம வந்த முறுக்குதான் கோளாறு.

தெரிஞ்சே வைக்கிற முறுக்கு

கொஞ்ச வருஷத்துலயே றெக்கையை முறுக்கறதை விட்டுட்டு, பின்விளிம்புல கீல் போட்ட சின்னப் பலகையை மட்டும் அசைக்கிற ஏலரானுக்கு எல்லாரும் மாறினாங்க. வேகம் கூடக் கூட றெக்கை விறைப்பா இருந்தாகணும். ஆனா முறுக்கு முழுசா போயிடல. அடுத்த தடவை மீனம்பாக்கத்துல விமானம் ஏறும்போது நினைச்சுப் பாருங்க: அந்த றெக்கை உடம்போட சேர்ற இடத்துல இருக்கிற கோணமும் நுனியில இருக்கிற கோணமும் ஒன்னு இல்ல. நுனி சில டிகிரி முன்னால குனிஞ்சிருக்கும். இதுக்குப் பேரு வாஷ்அவுட்.

எதுக்கு? வேகம் ரொம்பக் குறைஞ்சு மூக்கு ரொம்ப நிமிர்ந்தா, றெக்கை தூக்கறதை விட்டுடும். அது முதல்ல நுனியில நடந்தா ஒரு பக்கம் சரிஞ்சு விமானம் சுழல ஆரம்பிச்சுடும். நுனியோட கோணத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா, நடுப்பகுதி முதல்ல கைவிடும், நுனி கடைசி வரைக்கும் பிடிச்சிருக்கும். மாடல் விமானத்துல இதுக்கு ரெண்டு நுனியிலயும் பின்விளிம்பை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கி வைப்பாங்க. முக்கியமான வார்த்தை "ரெண்டு நுனியிலயும்". சமமா இருந்தா பாதுகாப்பு. ஒரு பக்கம் மட்டும்னா, அது ரைட் சகோதரர்களோட திரும்பற கட்டளை. அதுவும் நிறுத்தவே முடியாத கட்டளை.

மழை மேல பழி

இப்போ 1944-க்கு வருவோம். ரெண்டாம் உலகப் போர். பிரிட்டனோட டி ஹாவிலாண்ட் மஸ்கிட்டோ ஒரு அதிசய விமானம். உலோகத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்துல, பர்ச் மர பிளைவுட் ரெண்டுக்கு நடுவுல பால்சா வெச்சு ஒட்டின உடம்பு. ஆமா, நாங்க மொட்டை மாடியில வெச்சு வெட்டின அதே பால்சா. அந்தக் காலத்து வேகமான விமானங்கள்ல ஒன்னு. 7,700-க்கு மேல செஞ்சாங்க.

1944 கடைசியில இந்தியா, பர்மா பக்கம் இருந்த மஸ்கிட்டோக்கள் அடுத்தடுத்து விழுந்துச்சு. றெக்கையோட மேல்தோல் உள்ள இருக்கிற ஸ்பாரை விட்டுப் பிரியுதுன்னு சந்தேகம். ஸ்பார்ங்கிறது றெக்கையோட முதுகெலும்பு. காரணம் என்னன்னு கேட்டப்போ எல்லாரும் கை காட்டினது வானத்தைத்தான். இந்த ஊர் வெயில், மழைக்காலம், பால்ல இருந்து எடுக்கிற கேசீன் பசை இந்த ஈரத்துக்குத் தாங்காது. கம்பெனியில இருந்தே ஒரு குழு இந்தியா வந்து பார்த்துச்சு. பசை கெடல, மழைக்காலத்துல மரம் சுருங்கினதுதான் காரணம்னு டிசம்பர்ல அறிக்கை கொடுத்துச்சு. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி நம்ம ஊர் மழைதான்.

அதுக்கப்புறம் வேற ஆளுங்க விசாரிச்சாங்க. இங்கிலாந்துலயே இருந்த மஸ்கிட்டோக்களையும் பிரிச்சுப் பார்த்தாங்க. மழைக்காலத்தையே பார்க்காத விமானங்கள். அதுலயும் அதே மாதிரி கோளாறு. தொழிற்சாலையில ஒட்டின வேலையே சரியில்லைன்னு முடிவுக்கு வந்தாங்க.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். இந்தக் கதையைப் படிச்சப்போ எங்க ஆபீஸ் ஞாபகம்தான் வந்துச்சு. "என் மெஷின்ல ஓடுதே" அப்படிங்கிற வசனத்தைச் சொல்லாத எஞ்சினியர் கிடையாது. சர்வர்ல பிரச்சினை, நெட்வொர்க்ல பிரச்சினை, என் கோடு மட்டும் சுத்தம். அந்தப் பேச்சை நிறுத்த ஒரே வழி, அந்தச் சூழலே இல்லாத இடத்துல அதே கோளாறு வருதான்னு பார்க்கறது. மஸ்கிட்டோ விசாரணையில செஞ்சது அதுதான்.

காத்துக்குப் பங்கே இல்லைன்னு சொல்ல வரல. மரம் ஈரத்தைக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். எண்ணூர்ல இருந்து காசிமேடு வரைக்கும் கடலோரமா வாழற யாரைக் கேட்டாலும் கதவு, ஜன்னல் படுத்தற பாட்டைச் சொல்வாங்க. மாடல் றெக்கை மேல ஒட்டுற டிஷ்யூ பேப்பரும் டோப் காயும்போது இழுக்கும். ஒரு பக்கம் அதிகமா இழுத்தா றெக்கை முறுக்கும். எல்லாம் உண்மை. ஆனா அது முதல் பதிலா இருக்கக் கூடாது.

முறுக்கை எடுக்கறது எப்படி

மாடல் செய்யறவங்க நிறைய பேர் கேட்கறீங்க, அதனால இதையும் சொல்லிடறேன்.

முதல்ல பார்க்கணும். தாத்தா ஒரு பலகை வாங்கினா, ரெண்டு முனையிலயும் குறுக்கே ஒரே மாதிரி நேரான சட்டம் ஒவ்வொன்னு வைப்பார். அப்புறம் குனிஞ்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு, முன் சட்டத்துக்கு மேல பின் சட்டம் தெரியுதான்னு பார்ப்பார். ரெண்டு கோடும் இணையா இருந்தா பலகை சரி. ஒன்னு ஒரு பக்கம் ஏறித் தெரிஞ்சா முறுக்கு. றெக்கைக்கும் அதே முறைதான். பின்னாடி இருந்து பின்விளிம்பையும் ஸ்பாரையும் ஒரே பார்வையில பாருங்க. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்க.

அப்புறம் அளக்கணும். சமமான தளம் வேணும். தடிமனான கண்ணாடி நல்லது. நம்ம வீட்ல அதுக்குப் பதிலா சமையலறை கடப்பா கல்லோ கிரானைட்டோ இருக்கும். அதையும் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்க வெச்சு சோதிச்சுட்டு நம்புங்க. றெக்கையை ஒரு பாதி ஒரு பாதியா வெச்சு, நாலு மூலையில எங்க இடைவெளி, எத்தனை மில்லிமீட்டர்னு எழுதிக்கோங்க.

டிஷ்யூ ஒட்டின திறந்த சட்டக றெக்கைன்னா ஆவி போதும். இட்லி குண்டான்ல இருந்து வர்ற ஆவியில அந்தப் பகுதியைக் காட்டி, முறுக்குக்கு எதிர் திசையில, தேவையை விடக் கொஞ்சம் அதிகமாவே முறுக்கிப் பிடிங்க. விட்டா கொஞ்சம் திரும்பி வரும், அதனாலதான் அதிகம். ஆறும் வரைக்கும் கையை எடுக்காதீங்க. கை சூடு படாம பார்த்துக்கோங்க. சின்னப் பசங்கன்னா வீட்ல பெரியவங்க கூட இருக்கட்டும். அப்புறம் சமதளத்துல வெச்சு, நுனியில பின்விளிம்புக்குக் கீழ ரெண்டு மில்லிமீட்டர் சீவல் கொடுத்து, மேல எடை வெச்சு ஒரு நாளாவது விடுங்க. ரெண்டு பக்கமும் அதே சீவல். பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டின றெக்கைன்னா ஆவிக்குப் பதிலா இஸ்திரிப்பெட்டி. முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஃபிலிமைச் சூடாக்கணும்.

முன்பகுதி முழுக்க மேலயும் கீழயும் பலகை ஒட்டி மூடின றெக்கைன்னா ஆவி அநேகமா உதவாது. ஒரு பேப்பரைக் குழாயா சுருட்டுங்க. ஓரத்தை ஒட்டாம முறுக்கினா சுலபமா முறுக்கும். ஓரத்தை ஒட்டிட்டு முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடின பெட்டிக்கு அவ்வளவு விறைப்பு. நேரா ஒட்டினா எப்பவும் நேரா இருக்கும், கோணலா ஒட்டினா கோணலாவே நிக்கும். அப்போ ஒரே வழி, ஒட்டின ஓரத்தை வெட்டித் திறந்து, நேராக்கி, திரும்ப ஒட்டறது.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி அளந்து பாருங்க. முறுக்கு திரும்ப வந்திருந்தா காரணத்தை நீங்க இன்னும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம்.

கதவு

போன வருஷம் அந்த வீட்டைக் காலி பண்ணினோம். மாடியில கதவு அப்படியே இருந்துச்சு. தரையில படுக்கப் போட்டேன். டொக் டொக்.

அப்போதான் மண்டையில உறைச்சுது. ரெண்டு முனையிலயும் ஒரே அளவுச் சட்டம் வெச்சு, தாத்தா மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கதவு முழுக்க முறுக்கு. மூணு மூலை தரையில இருந்தா, நாலாவது மூலை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் மேல நின்னுச்சு. சாத்த வராததுக்குக் காரணமே அதுதான். நான் கொடுத்த ஓட்டுத் துண்டு ஆட்டத்தை நிறுத்துச்சு, முறுக்கை நிறுத்தல. நாலடி றெக்கையை அந்தக் கதவு நீளத்துக்குப் படுக்க வெச்சு ஒட்டியிருக்கேன். கணக்குப் போட்டுப் பார்த்தா ரெண்டு நுனிக்கும் நடுவுல சுமார் ரெண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இடது நுனி ஒரு பக்கம், வலது நுனி எதிர்ப்பக்கம். வில்பர் கையில இருந்த அட்டைப்பெட்டி மாதிரியே. எங்க கிளைடர் கோளாறு ஆகல. நான் கொடுத்த கட்டளைப்படி, இடது பக்கம் திரும்பு, திரும்பு, திரும்புன்னு கீழ விழுற வரைக்கும் ஒழுங்கா திரும்பியிருக்கு.

காசிமேட்டுல அது இருந்தது ரெண்டே நாள். கதவு மேல இருந்தது ஒரு வாரம். பசை காஞ்சது கதவு மேல.

நண்பனோட நம்பரைத் தேடிப் பிடிச்சேன். இப்போ ஹார்பர்ல கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்கிறான். ரெண்டு நிமிஷம் குடும்பம், வேலைன்னு பேசிட்டு, கதவு விஷயத்தைச் சொன்னேன். சாரிடான்னும் சொன்னேன். பின்னாடி லாரி சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எனக்கு அப்பவே தெரியும்டா"ன்னான்.

"தெரியுமா? அப்போ ஏன்டா சொல்லல?"

"கதவைத் தூக்கிப் போட்டதே நாம ரெண்டு பேரும்தானே. ஆடுச்சுல்ல. நீ ஓடு வெச்ச. உங்க தாத்தா போய் அப்போ ஆறு மாசம்கூட ஆகல. அவர் செஞ்ச கதவு கோணல்னு உன்கிட்ட எப்படிடா சொல்றது?"

எனக்குப் பதில் வரல.

கதவை நான் விக்கல. இப்போ இருக்கிற வாடகை வீட்ல அதை வைக்க இடமும் இல்ல, அதனால அவன் வீட்ல இருக்கு. வர்ற மாசம் லீவு போட்டு ரெண்டு பேரும் ஒரு கிளைடர் செய்யலாம்னு பேசியிருக்கோம். இந்த முறை அவங்க வீட்டு சமையலறை கடப்பா கல் மேல. ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டானாம். சமமா இருக்காம்.